வந்திருக்குமா

மகள் மிருதுளாவின் உடம்பிலிருந்து எடுத்த திசு இன்னும் காப்பகத்தில் உறைந்து கிடக்கிறது என்பது பூபதிக்கு எட்டு வருடங்களாகத் தெரியும். அதனிடம் ஒரு கேள்வி கேட்க முடியும் என்பதுதான் அந்தச் சித்திரை மாதம் வரை தெரியாமல் இருந்தது.

காலைச் செய்தியில் சொன்னார்கள். கோயம்புத்தூரிலேயே, அவிநாசி சாலையில் இருக்கும் திசுக் காப்பகத்தில் ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறதாம். அதன் பெயர் முன்னோட்டம். அறுவை சிகிச்சையில் எடுத்து உறைய வைத்த உறுப்பைத் திரும்ப உயிர்ப்பித்து, நாளுக்கு ஒரு வயது என்ற வேகத்தில் அதை மூப்படைய விடுவார்கள். ஐம்பது நாளில் ஐம்பது வருடம். அந்த ஐம்பது வருடத்தில் புற்று வந்திருக்குமா, வந்திருந்தால் எத்தனையாவது வயதில் என்று அது சொல்லிவிடும்.

"அப்போ எல்லாரும் போய் முன்னாடியே பாத்துக்கலாமே" என்றாள் அவர் மனைவி கோமளா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"முடியாது. முழு உறுப்பும் வேணுமாம். துளியூண்டு கிள்ளிக் குடுத்தா அதுக்குப் பத்தாது. வெட்டி எடுத்தவங்களுக்கு மட்டும்தான் பதில்."

"வெட்டி எடுத்த பின்னாடி பதில் எதுக்குங்க?"

பூபதி முப்பத்திரண்டு வருடம் பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தவர். நூறு மோட்டாருக்கு ஒன்றை எடுத்து, அது எரிந்து போகும் வரை ஓட்டிப் பார்ப்பது அவருடைய வேலை. ஓட்டிப் பார்த்த மோட்டார் விற்பனைக்கு ஆகாது. விற்பனைக்குப் போன மோட்டாரை யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. இயந்திரத்தின் சூட்சுமம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதனால்தான் அந்தத் தோசை தொண்டையில் இறங்கவில்லை.

பூபதியின் அம்மா முப்பத்தொன்பது வயதில் போனார். வயிற்றுக் கட்டி என்று ஊரில் சொன்னார்கள். அக்கா தெய்வானை முப்பத்து நான்கில் போனாள். அவளுக்கு மார்பில் வந்தது. குடும்பத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மிருதுளா வேலைக்குச் சேர்ந்த இடத்தில் எடுத்த மரபணுப் பரிசோதனையில் அவளுக்குப் பிழையான மரபணு இருப்பது தெரிந்தபோது, எல்லோரும் முதலில் கோமளாவைத்தான் பார்த்தார்கள். பெண்களுக்கு வருகிற வியாதி பெண் வழியாகத்தானே வரும் என்று. அப்புறம் பூபதியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அது அவருடைய ரத்தத்தில் இருந்தது.

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். இந்த மரபணு உள்ள நூறு பெண்களில் எழுபது பேருக்கு வரலாம், முப்பது பேருக்கு வராமலே போகலாம். மார்பகங்களை இப்போதே எடுத்துவிடலாம். இல்லையென்றால் வருடா வருடம் ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை.

ஸ்கேன் எடுத்தால் போதும் என்றாள் கோமளா. கல்யாணம் நிச்சயமான பெண், இருபத்தேழு வயது, நல்லா இருக்கிற உடம்பைக் கொண்டுபோய் யாராவது அறுப்பார்களா என்றாள். பூபதி வாதாடவில்லை. அன்று மாலையே பீரோவைத் திறந்து, தெய்வானையைக் கடைசியாக எடுத்த படத்தைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தார். கன்னம் ஒட்டி, தலையில் முடியில்லாமல், தலையணைக்குள் புதைந்து கிடக்கிற படம்.

"எனக்காகப் பண்ணிக்க கண்ணு" என்றார். "இன்னொருக்கா இப்படி ஒண்ணப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

மிருதுளா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, இருட்டுவதற்குள், "சரிப்பா" என்றாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உடுமலைப்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் நாகரிகமாகப் பேசி ஒதுங்கிக்கொண்டார்கள். நான்கு வருடம் கழித்து உடன் வேலை பார்த்த சுதர்சன் எல்லாம் தெரிந்தே அவளைக் கட்டிக்கொண்டான். இதழி பிறந்தாள். புட்டிப் பாலில் வளர்ந்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்று பூபதி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தார்.

போன மார்கழியில் ஒருநாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மிருதுளா சோபாவில் சாய்ந்திருந்தாள். இரண்டு வயது இதழி அவள் மார்பில் முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் தலையை வருடப் போன பூபதி கையை எடுத்துக்கொண்டார். நெற்றி கொதித்தது.

"காய்ச்சலடிக்குது மிருது. எப்பருந்து?"

மிருதுளா திடுக்கிட்டு எழுந்தாள். புறங்கையைக் குழந்தையின் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "ஒரு மணி நேரமா மேலதான் படுத்திருக்கா" என்றாள். "அங்க எனக்கு சூடு தெரியாதுப்பா. கனம் மட்டுந்தான் தெரியும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மருந்து எடுக்க உள்ளே போய்விட்டாள். பூபதி வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். அன்றிலிருந்துதான் மகளோடு பேசும்போது அவருடைய பார்வை சுவரில், ஜன்னலில், குழந்தையின் பொம்மையில் என்று போக ஆரம்பித்தது.

இப்போது இந்த இயந்திரம். அந்த முப்பது பேரில் ஒருத்தியாக இவள் இருந்திருந்தால்?

மகளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. திசுவுக்குச் சொந்தக்காரி அவள். அவள் கேட்டால்தான் ஓட்டுவார்கள். வைகாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் அவளே பேச்சை எடுத்தாள்.

"அப்பா, காப்பகத்துல கேட்டுட்டேன்."

பூபதி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"வந்திருக்கும்ப்பா. நாப்பத்தியொரு வயசுல. ரெண்டு பக்கமும். பதினாலாம் நாளே காட்டிருச்சாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இன்னும் ஆறு வருசம். இதழி மூணாவது படிக்கிறப்ப." அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்க சொன்னதுதான் சரி."

கோமளா அடுப்படியிலிருந்து வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் கிளம்பிப் போன பிறகு கணவரிடம் வந்தாள்.

"எட்டு வருசமா மனசுக்குள்ள உங்களைத் திட்டாத நாளில்லைங்க" என்றாள். "எம்புள்ளைய அறுத்துப் போட்டவருன்னு. என்னைய மன்னிச்சிருங்க."

பூபதிக்கு உடம்பிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போலிருந்தது. மறுநாள் காலையில் மூன்று தோசை சாப்பிட்டார். நடைப்பயிற்சியில் தெரிந்தவர்களிடம் எல்லாம் முன்னோட்டத்தைப் பற்றிப் பேசினார். சரியாக நான்காம் நாள் பஸ் பிடித்து கோபிச்செட்டிபாளையத்துக்குப் போனார்.

அங்கே அண்ணன் சின்னராசு இருந்தார். அவர் மகள் தாரகை கால்நடை மருத்துவர், இருபத்தாறு வயது. அவளுக்கும் அதே மரபணு இருந்தது. இரண்டு வருடமாக ஸ்கேன் எடுத்துக்கொண்டு, எந்த முடிவும் எடுக்காமல் இருந்தாள். அண்ணனுக்குப் பெண்ணை வற்புறுத்தவும் மனமில்லை, விடவும் மனமில்லை.

"ஓட்டிப் பாத்தாச்சு சாமி" என்றார் பூபதி அவளிடம். "இது நூத்துக்கு எழுவதுங்கற கணக்கு இல்ல. நாப்பத்தியொண்ணு. வருசத்தோட சொல்லிருச்சு. அன்னிக்கு நான் அவளை விட்டிருந்தா இன்னிக்கு என்ன ஆகியிருக்கும், நெனச்சுப் பாரு. நம்ம ரத்தம் அப்படி. தள்ளிப் போடாத."

தாரகை குறுக்கே பேசாமல் கேட்டாள். "ரிப்போர்ட்ட நீங்க பாத்தீங்களா சித்தப்பா?"

"அவளே சொன்னா. பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

பத்து நாள் கழித்து அண்ணன் போனில் கூப்பிட்டார். தாரகை ஒத்துக்கொண்டுவிட்டாள். ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. கடைசியாக ஒன்று கேட்டார். "தம்பி, மிருதுவோட அந்தக் காகிதம் ஒரு நகல் கெடைக்குமா? எனக்கு வெசனமாவே இருக்குது. கண்ணுல பாத்தா மனசு ஆறும்."

திங்கட்கிழமை காலை பூபதி காப்பகத்துக்குப் போனார். ரெஜினா என்ற பெண் அதிகாரி அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். எட்டு வருடம் முன்னால் திசுவை ஒப்படைத்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர் என்பதால், பதிவைப் பார்க்க அவருக்கு உரிமை இருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"சார், ரிப்போர்ட்டுன்னு ஒண்ணும் இல்லீங்களே."

"முன்னோட்டம் ஓட்டினாங்கம்மா. போன மாசம்."

"ஓட்டவே இல்ல சார். சித்திரை இருவத்தெட்டாம் தேதி உங்க மக நேர்ல வந்து, திசுவ அழிச்சிருங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அன்னிக்கே எரிச்சாச்சு."

"எரிச்சாச்சா?"

"ஆமாங்க சார். நானே கேட்டேன், ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் அழிக்கலாமேன்னு. வேண்டாம்னுட்டாங்க." அவர் முகத்தைப் பார்த்து அவள் குரலைத் தணித்தாள். "நெறைய பேர் அப்படித்தான் சார் பண்றாங்க. தெரிஞ்சுக்கறதுக்குன்னு வந்து உக்காந்துட்டு, அழிக்கச் சொல்லிட்டுப் போறாங்க."

பூபதி வெளியே வந்து வேப்ப மரத்தடியில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அப்படியென்றால் நாற்பத்தொன்று என்பது மகள் வாயில் வந்த ஒரு எண். அவருக்காகத் தயாரித்த எண். அதை வாங்கிக்கொண்டு அவர் மூன்று தோசை தின்றார். கோமளாவை மன்னிப்புக் கேட்க விட்டார். போதாதென்று அந்த எண்ணைக் கொண்டுபோய் அண்ணன் மகள் முன்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறார், அன்றைக்குத் தெய்வானையின் படத்தை வைத்தது போல. படமாவது உண்மை.

வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. உண்மையைச் சொன்னால் தாரகை பின்வாங்கலாம். பின்வாங்கி, அந்த எழுபதில் ஒருத்தியாகிப் போனால் அந்தச் சாவும் தன் தலையில்தான். சொல்லாவிட்டால், ஒரு பொய்யைக் காட்டி இரண்டாவது பெண்ணையும் மேஜையில் படுக்க வைத்தவர் ஆவார். இரண்டில் எது சின்னப் பாவம் என்று அவருக்குத் தெரியவில்லை. கோபி பஸ் வந்தபோது கால்கள் தாமாக ஏறிவிட்டன.

கால்நடை மருந்தகத்தில் கூட்டம் ஓய்ந்திருந்தது. தாரகை ஒரு வெள்ளாட்டின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டுக்காரரை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"போன்ல சொல்லியிருந்தா நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பனே சித்தப்பா."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் சாமி. நான் அன்னிக்குச் சொன்னது பொய். எனக்கு அப்பத் தெரியாது. மிருது ஓட்டிப் பாக்கவே இல்ல. வந்திருக்குமா வந்திருக்காதான்னு யாருக்கும் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது. அத நம்பி நீ போயிராத." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

தாரகை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள்.

"எனக்குத் தெரியும் சித்தப்பா."

"எப்படி?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே அக்காவுக்குப் போன் பண்ணினேன், ரிப்போர்ட்டக் காட்டுன்னு. அக்கா மொதல்ல மழுப்புச்சு. அப்புறம் உள்ளதச் சொல்லிருச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னுச்சு."

"தெரிஞ்சும் நாள் குறிச்சியா?"

"உங்க நாப்பத்தியொண்ணுக்காக இல்லீங்க சித்தப்பா. அக்காவ ரெண்டு நாள் இங்க வரச் சொன்னேன். எங்கயெல்லாம் மரத்துப் போயிருக்கு, எங்க வலிக்கும், புள்ளயத் தூக்கறப்ப எப்படியிருக்கும், எல்லாத்தையும் கேட்டேன். தழும்பக் காட்டுச்சு. ஒவ்வொரு தடவ ஸ்கேன் எடுக்கப் போறதுக்கு முன்னாடி பத்து நாள் நான் நானா இருக்கறதில்ல. அக்காவுக்கு எட்டு வருசமா அந்தப் பயம் இல்ல. எனக்கு அது போதும்னு தோணுச்சு. நாளைக்கே வேண்டாம்னு தோணுனாலும் தோணும். அது எம்பாடு." அவள் எழுந்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆமா, உங்களுக்கு எப்பப் பாத்தீங்க?"

"எனக்கு என்ன?"

"அந்த மரபணு உங்களுக்கும்தான இருக்கு. ஆம்பளைகளுக்குப் புராஸ்டேட்ல வரும். மார்லயும் வரும். டாக்டர் அப்பவே வருசா வருசம் பாக்கச் சொன்னாருன்னு அக்கா சொல்லுச்சு. போனீங்களா?"

பூபதி தண்ணீரைக் குடித்தார். அவர் ஒருமுறைகூடப் போகவில்லை. தனக்கு வரும் என்று அவர் நினைத்ததேயில்லை.

அன்று மாலையே மகள் வீட்டுக்குப் போனார். சுதர்சன் குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தான். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று மிருதுளாவுக்குத் தெரிந்திருந்தது. தாரகை முன்கூட்டியே போன் செய்திருந்தாள்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

"நீங்க மார்கழியிலருந்து என் மூஞ்சியவே பாக்கறதில்ல. செவுத்தப் பாத்துப் பேசறீங்க. ஒரு வார்த்தைல சரியாகும்னா சொல்லிரலாம்னு நெனச்சேன். நீங்க அதத் தூக்கிட்டுக் கோபிக்குப் போவீங்கன்னு நான் கண்டனா." அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"ஏன் எரிக்கச் சொன்ன? ஓட்டியிருந்தாத் தெரிஞ்சிருக்குமே."

அவள் மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வந்திருக்காதுன்னு வந்தா நான் உங்களை மன்னிக்கணும். வந்திருக்கும்னு வந்தா உங்களுக்கு நன்றி சொல்லணும். எனக்கு ரெண்டும் வேண்டாம்ப்பா. அத்தை படத்த நீங்க வச்சீங்க, சரி. ஆனா அத அவ்வளவு நேரம் பாத்தது நான். கையெழுத்துப் போட்டது நான். போய்ப் படுத்தது நான். எட்டு வருசமா நீங்க அத உங்க தப்பாவே தூக்கிட்டுத் திரியறீங்க. நான் பண்ணினதுன்னு ஒருநாளாச்சும் நெனச்சீங்களா?"

குற்றவுணர்ச்சியைக் கூட அவர் மகளிடமிருந்து எடுத்துத் தனதாக்கி வைத்திருந்தார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் அது குறையவில்லை. புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

"உங்கம்மாகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார் கடைசியில்.

"உள்ளதச் சொல்லுங்க. திட்டினா வாங்கிக்குங்க."

சொன்னார். கோமளா திட்டவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இருவரும் கோபிக்குப் போய், தாரகையை மருத்துவமனைக்குக் கூட்டிப் போன காரில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாரகை வழியில் இரண்டு முறை காரை நிறுத்தச் சொன்னாள். இரண்டு முறையும் கொஞ்ச நேரம் இறங்கி நின்றுவிட்டு அவளே ஏறிக்கொண்டாள்.

ஆடி மாதம் பூபதி தன்னைப் பரிசோதித்துக்கொள்ளப் போனார். மிருதுளா விடுப்புப் போட்டுக் கூட வந்தாள். ரத்தம், ஸ்கேன், ஊசியால் எடுத்த சதைத் துணுக்கு என்று ஒரு வாரம் ஓடியது. டாக்டர் சின்ன வயதுக்காரர். படத்தில் இரண்டு இடங்களை விரலால் காட்டினார்.

"புராஸ்டேட்ல இந்த ரெண்டு எடத்துல செல் மாற ஆரம்பிச்சிருக்கு சார். இது இன்னும் புற்று இல்ல. உங்க மரபணுவ வச்சுப் பாத்தா நூத்துல நாப்பது பேருக்கு அது புற்றாகலாம். இப்பவே சுரப்பிய எடுத்துரலாம். எடுத்தா சில பேருக்கு ஒண்ணுக்கு அடங்காமப் போயிரும். வேற சில செரமங்களும் இருக்கு. எடுக்கலேன்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்கிட்டே இருக்கணும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

"நீங்க என்ன டாக்டர் சொல்றீங்க?"

"நூத்துக்கு இத்தனைன்னுதான் சார் நான் சொல்ல முடியும்."

வெளியே வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள் இருந்தன. பூபதி உட்கார்ந்தார். தன் உடம்பின் அடியில், இத்தனை நாள் நினைத்தே பார்க்காத ஓரிடத்தில், ஏதோ ஒன்று விழித்துக்கொண்டு கிடப்பது போலிருந்தது. வேட்டியை நனைத்துக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போகும் தன்னை நினைத்துப் பார்த்தார். பிறகு தெய்வானையை நினைத்தார். அப்புறம் மறுபடியும் வேட்டி.

"மிருது, நீ என்ன சொல்ற?"

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய பரிசோதனைக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேன்ப்பா."

"ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. நீ சொன்னா நான் பண்ணிக்கறேன்."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்கறேன். நான் கூட இருக்கேன். எத்தன தடவ வேணாலும் கூட வர்றேன்."

உள்ளேயிருந்து செவிலியர் வந்து, மூன்று வாரத்தில் முடிவைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். பூபதி ஐந்து வாரம் கேட்டு வாங்கினார்.

எட்டு வருடம் முன்னால் மகளுக்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு மாலைப் பொழுது.